துல்லியமான ஏஆர்-15க்கு எந்த பேரல், எந்த சேம்பர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ‘ஹை பவர் சர்வீஸ் ரைஃபிள்’ என்று ஒரு போட்டி வகை இருக்கிறது. ராணுவ ரைஃபிளின் தோற்றத்தில் இருக்கும் ஏஆர்-15 போன்ற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை வைத்துக்கொண்டு 200, 300, 600 கஜத்தில் காகித இலக்கைச் சுடும் விளையாட்டு. ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்து வருகின்றன. இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பேரல் வாங்கும் நேரத்தில் கேட்கிற கேள்விகள்தான் கீழே இருப்பவை. பேரல் என்றால் குண்டு ஓடி வெளியேறும் குழாய், சேம்பர் என்றால் அதன் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி. தோட்டா என்று நான் எழுதுவது பித்தளைக் கூடு, பவுடர், அதைப் பற்றவைக்கும் ப்ரைமர் எல்லாம் சேர்ந்த முழுப் பொருளை; குண்டு என்றால் அதன் முனையிலிருந்து பறந்து போகும் உலோகத் துண்டை மட்டும்.

முதலில் பேரலைத் தேர்ந்தெடுப்பதா, சேம்பரையா?

இரண்டையும் இல்லை, குண்டை. எந்தத் தூரத்தில் எந்தக் குண்டைச் சுடப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், தள்ளுபடியில் ஒரு பேரலை வாங்கிவிட்டு அப்புறம் அதற்கு ஒத்துவரும் தோட்டாவைத் தேடி அலைகிறார்கள்.

போட்டியை எடுத்துக்கொள்வோம். 200 கஜத்தில் நின்றுகொண்டு 10 தோட்டா, 10 நிமிடம். அதே தூரத்தில் உட்கார்ந்து 60 வினாடியில் 10 தோட்டா. 300 கஜத்தில் படுத்து 70 வினாடியில் 10. கடைசியாக 600 கஜத்தில் படுத்து 20 நிமிடத்தில் 20. மொத்தம் 50 தோட்டா, 500 புள்ளி. வேகமாகச் சுடும் இரண்டு கட்டங்களிலும் நடுவில் மேகசின் மாற்ற வேண்டும், அதனால் தோட்டா மேகசினுக்குள் அடங்கும் நீளத்தில்தான் இருக்க வேண்டும். ஏஆர்-15 மேகசினுக்கு அது 2.260 அங்குலம். 600 கஜத்தில் மெதுவாக ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுவதால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது, நீளமான 80 கிரெயின் குண்டை (கிரெயின் என்பது குண்டின் எடைக்கான அலகு) முன்னுக்குத் தள்ளி வைத்த தோட்டாவைப் பயன்படுத்தலாம். ஒரே பேரல் இந்த இரண்டு வேலையையும் செய்ய வேண்டும். சேம்பர் பற்றிய எல்லாச் சண்டையும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

எவ்வளவு துல்லியம் தேவை?

600 கஜ இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 12 அங்குல அகலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் 6 அங்குலம். 600 கஜத்தில் ஒரு எம்ஓஏ, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, சுமார் 6.3 அங்குலம். ஆக, ரைஃபிள் தன்னளவில் ஒரு எம்ஓஏவுக்குள் சுட்டால் அது எக்ஸ் வட்டத்தை ஒட்டியே நிற்கும், மிச்சமிருப்பது உங்கள் பாடும் காற்றின் பாடும். அரை எம்ஓஏ பேரல் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் ஒரு எம்ஓஏ பேரலை வைத்துக்கொண்டு காற்றை ஒழுங்காகப் படிக்கிறவர், அரை எம்ஓஏ பேரலோடு கொடியைப் பார்க்காமல் சுடுகிறவரை வாராவாரம் தோற்கடிப்பார்.

சேம்பரில் எந்தப் பகுதி துல்லியத்தைத் தீர்மானிக்கிறது?

பித்தளைக் கூடு உட்காரும் பகுதியைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. கூட்டின் கழுத்து முடிந்த இடத்துக்கும், குண்டைச் சுழலவைக்கும் ரைஃப்ளிங் வரிகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு சிறிய பாதை இருக்கிறது பாருங்கள், அதைத்தான் த்ரோட் என்கிறோம். அதில் வரியே இல்லாத முதல் பகுதி ஃப்ரீபோர், அடுத்து வரிகள் சாய்வாக எழும்பி வரும் பகுதி லீட். வெடித்ததும் குண்டு கூட்டைவிட்டு வெளியேறி இந்தப் பாதையைக் கடந்துதான் வரிகளில் பிடிபடுகிறது. அந்தக் கணத்தில் குண்டு நேராக இருந்ததா, துளி சாய்ந்து நுழைந்ததா என்பதுதான் விஷயம். சாய்ந்து நுழைந்த குண்டு பேரல் முழுவதும் சாய்ந்தேதான் போகும்.

அதனால் இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும்: ஃப்ரீபோர் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம். நீளம் நீங்கள் பயன்படுத்தும் குண்டுக்குப் பொருந்த வேண்டும், அகலம் குண்டின் அகலமான 0.224 அங்குலத்தை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது.

.223 ரெமிங்டன், 5.56 நேட்டோ, .223 வைல்டு: என்ன வித்தியாசம்?

கூடு வெளியில் ஒரே அளவுதான், வித்தியாசம் த்ரோட்டில் இருக்கிறது. .223 ரெமிங்டன் 1964இல் வந்த வணிகத் தோட்டா. அதன் சேம்பரில் ஃப்ரீபோர் குட்டை, 0.025 அங்குலம்தான், அகலமும் குண்டை ஒட்டியே இருக்கும். இலேசான குண்டுக்கு அருமையாகச் சுடும், 80 கிரெயின் குண்டை நீளமாக வைத்தால் வரியில் முட்டிக்கொள்ளும்.

5.56 நேட்டோ ராணுவத்துக்கானது. பாலைவன மணல், சூடேறிய சேம்பர், எந்த நாட்டு ஆலையில் செய்தது என்றே தெரியாத தோட்டா, எது வந்தாலும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான் அங்கே முதல் கவலை. அதனால் ஃப்ரீபோர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம், அகலமும் 0.2265 அங்குலம். குண்டு 0.224தான், சுற்றிலும் ஆட்டம் இருக்கிறது. சுடும், நம்பகமாகவும் சுடும், ஆனால் 600 கஜத்தில் அந்த ஆட்டம் தெரியும்.

வைல்டு சேம்பரை உருவாக்கியவர் இல்லினாய் மாநிலம் கிரீனப் ஊரைச் சேர்ந்த பில் வைல்டு. அவர் செய்தது எளிய காரியம்தான்: நீளத்தை நேட்டோ மாதிரி வைத்துக்கொண்டு அகலத்தை 0.2240க்குக் குறைத்தார். 80 கிரெயின் குண்டை நீளமாக வைக்கவும் இடம் கிடைத்தது, குண்டு நேராக நுழையவும் வழி பிறந்தது. நேட்டோ தோட்டாவையும் சுடலாம். நம் போட்டிக்கென்றே பிறந்த சேம்பர் என்று சொன்னால் மிகையில்லை. இன்று போட்டி ரைஃபிளே இல்லாத சாதாரண பேரலிலும் இதைப் பொறித்து விற்கிறார்கள்.

5.56 தோட்டாவை .223 சேம்பரில் போட்டால் வெடித்துவிடுமா?

சுட்டவுடன் ரைஃபிள் துண்டு துண்டாகப் போகும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு, ஒன்றுமே ஆகாது என்று சிரிக்கிறவர்களும் உண்டு. .223க்கான அமெரிக்கத் தரப்படி உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு, நேட்டோவின் எண் 62,000ஐத் தாண்டும். ஆனால் இரண்டையும் அளக்கும் முறையும் அளக்கும் இடமும் வேறு வேறு, ஆகவே எண்களைப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. நேட்டோ தோட்டா நீண்ட த்ரோட்டை நம்பிச் செய்யப்பட்டது, குட்டை த்ரோட்டில் போட்டால் அழுத்தம் ஏறும் என்பது மட்டும் உறுதி.

ஏஆர்-15இல் அது பெரும்பாலும் எப்படி வெளிப்படும் என்றால், ப்ரைமர் கழன்று விழும். பித்தளைக் கூடு வெளியே பறக்கும்போது ப்ரைமர் மட்டும் உள்ளே ட்ரிக்கருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ட்ரிக்கர் அசையாது, 60 வினாடி கட்டத்தின் நடுவில் உங்கள் ரைஃபிள் செத்துக் கிடக்கும். ஆகவே .223 என்று பொறித்த பேரலில் நேட்டோ தோட்டா வேண்டாம். எதிர்த்திசையில் பிரச்சினை இல்லை, நேட்டோ சேம்பரிலும் வைல்டு சேம்பரிலும் .223 தாராளமாகச் சுடலாம்.

பேரலில் ‘வைல்டு’ என்று பொறித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கூடாது. சேம்பரை வெட்டும் கருவிக்கு ரீமர் என்று பெயர். ரீமரும் தேயும், ஒரு ரீமர் போல இன்னொன்று இருக்காது, சிலர் வைல்டிலேயே தங்களுக்கென்று சிறு மாற்றம் செய்துகொள்வார்கள். ஃப்ளோரிடாவின் கம்பஸ் லேக் இன்ஜினியரிங் போல, சொந்த சேம்பர் வைத்திருக்கிற பட்டறைகளும் உண்டு, அவற்றைப் பிடித்துக்கொண்டு விடாதவர்களும் நிறையப் பேர். ‘மேட்ச் சேம்பர்’ என்று மட்டும் எழுதி விவரம் சொல்லாத விற்பனையாளரிடம் ஃப்ரீபோர் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

சேம்பர் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு துல்லியம் என்கிறார்களே?

ரைஃபிளை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் காரர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. அவர்களுடையது கையால் திறந்து மூடும் போல்ட் ரைஃபிள். கூட்டின் கழுத்தைக் கடைந்து மெலிதாக்கி, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அங்குல இடைவெளியில் சேம்பர் வைத்துக்கொள்வார்கள். தோட்டா கொஞ்சம் முரண்டு பிடித்தால் கை உணரும், நிறுத்திவிடுவார்கள்.

செமி ஆட்டோவுக்குக் கை கிடையாது. சேம்பரை மூடும் போல்ட் ஒரு ஸ்பிரிங்கின் பலத்தில் வேகமாக வந்து தோட்டாவை உள்ளே தள்ளுகிறது. இறுக்கமான சேம்பரில் கொஞ்சம் பவுடர் கரி படிந்தாலே போல்ட் முழுதாக மூடாது, அல்லது சுட்ட கூடு வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். போட்டியில் ஒரு தடவை சிக்கினால் போகும் புள்ளியை எந்த இறுக்கமும் திருப்பித் தராது. அதனால் என் கருத்து இதுதான்: கூடு உட்காரும் பகுதியும் கழுத்தும் தரப்படுத்தப்பட்ட அளவிலேயே இருக்கட்டும், கறாரெல்லாம் த்ரோட்டில் காட்டுங்கள்.

இதில் பாதுகாப்பு விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஏஆர்-15இல் ப்ரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் ஒவ்வொரு முறையும் அது முன்னால் ஓடி ப்ரைமரைத் தொடும். சுடாத தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் ப்ரைமரில் ஊசி தொட்ட சிறு புள்ளி தெரியும். ஆகவே மென்மையான ப்ரைமர் வேண்டாம். 600 கஜத்தில் தோட்டாவை நேராக சேம்பருக்குள் போட்டுவிட்டு போல்ட்டை அறைய விடவும் வேண்டாம். ஒவ்வொன்றாகப் போடுவதற்கென்றே மேகசின் இடத்தில் பொருந்தும் மேடை விற்கிறது, அதில் வைத்து போல்ட்டை விடுங்கள். தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வரும்போது போல்ட்டின் வேகம் குறையும்.

ட்விஸ்ட் எவ்வளவு இருக்க வேண்டும்?

ட்விஸ்ட் என்பது குண்டு ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் போக வேண்டும் என்ற கணக்கு. எட்டு அங்குலத்தில் ஒரு சுற்று என்றால் 1:8. குண்டின் எடையை வைத்து ட்விஸ்ட் சொல்வது வழக்கமென்றாலும் உண்மையில் நீளம்தான் கணக்கு. நீளமான குண்டு நிமிர்ந்து பறக்க வேகமான சுழற்சி வேண்டும்.

கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் 1879இல் கொடுத்த சூத்திரம் இன்றும் தோராயக் கணக்குக்கு உதவுகிறது: குண்டின் அகலத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். 0.224 அங்குல அகலம், ஒரு அங்குல நீளம் உள்ள குண்டுக்கு 7.5 வருகிறது. முக்கால் அங்குலம் நீளமுள்ள இலேசான குண்டுக்கு 10. சூத்திரம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே பேசும். நடைமுறையில் 55 கிரெயினுக்கு 1:12 போதும், 69 கிரெயினுக்கு 1:9, 77க்கும் 80க்கும் 1:8. 90 கிரெயின் சுட வேண்டுமென்றால் 1:7 அல்லது அதைவிட வேகமாகப் போக வேண்டும்.

ராணுவத்தின் கதையைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். ஏஆர்-15 முதலில் வந்தது 1:14 பேரலோடு. கடுங்குளிரில் சோதித்தபோது குண்டு தள்ளாடியது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதில் குண்டை நிமிர்த்திப் பிடிக்கக் கூடுதல் சுழற்சி வேண்டும். 1963இல் 1:12 ஆக மாற்றினார்கள். 1980களில் ஏஆர்-15இன் ராணுவ வடிவமான எம்16ஏ2 வந்தபோது ஒரேயடியாக 1:7. அப்போது வந்த 62 கிரெயின் குண்டுக்கு அவ்வளவு தேவையே இல்லை, அதோடு ஜோடியாக வந்த, பாதை தெரிய ஒளிவிட்டுப் பறக்கும் டிரேசர் குண்டு மிக நீளம், அதற்காகத்தான் அந்த 1:7. ‘ராணுவமே 1:7 வைத்திருக்கிறது, அதுதான் துல்லியம்’ என்று யாராவது சொன்னால் டிரேசரை நினைவுபடுத்துங்கள்.

தேவைக்கு மேல் வேகமான ட்விஸ்ட் கெடுதலா?

நல்ல குண்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. வினாடிக்கு 2750 அடி வேகத்தில் 1:8 பேரலிலிருந்து கிளம்பும் குண்டு நிமிடத்துக்கு 2,47,500 சுற்று சுற்றுகிறது, 1:7 என்றால் ஏறக்குறைய 2,83,000. இந்த வேகத்தில் குண்டின் எடை ஒரு பக்கம் துளி கூடுதலாக இருந்தாலும் அது பெரிதாகும், மெல்லிய உறையுள்ள சிறுபிராணி வேட்டைக் குண்டுகள் காற்றிலேயே பிய்ந்து போவதும் உண்டு. இலக்கில் ஓட்டையே விழவில்லை, நடுவழியில் சாம்பல் நிறப் புகைக்கோடு மட்டும் தெரிகிறது என்றால் அதுதான் நடந்திருக்கிறது. சுழற்சி போதாமல் போனால் அதைவிட மோசம், இலக்கில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித்துளை மாதிரி நீள்துளை விழும், குண்டு பக்கவாட்டில் போய் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டில் ஒன்று என்றால் வேகமான பக்கமே சாய்ந்துகொள்ளுங்கள்.

எனக்கு இவ்வளவு கதை வேண்டாம், என்ன வாங்குவது என்று மட்டும் சொல்லுங்களேன்?

சரி. 20 அங்குலம், 1:8 அல்லது 1:7.7, வைல்டு சேம்பர், ஸ்டெயின்லெஸ், ரைஃபிள் நீள கேஸ் (வாயு) சிஸ்டம். குறுகிய தூரத்துக்கு 69 அல்லது 77 கிரெயின் சியரா மேட்ச்கிங் குண்டு, 600க்கு 80. ரீலோடிங் செய்யாதவர், அதாவது தோட்டாவைத் தானே தயாரித்துக்கொள்ளாதவர், ஃபெடரல் கோல்டு மெடல் 69 அல்லது 77 வாங்கி மூன்று தூரத்துக்கும் அதையே சுடலாம்.

பேரல் நீளம் கூடினால் துல்லியம் கூடுமா?

துல்லியம் கூடாது, வேகம்தான் கூடும். ஒரு அங்குலத்துக்கு வினாடிக்கு 25 முதல் 50 அடி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடினால் காற்று குண்டைத் தள்ளும் அளவு குறையும், 600 கஜத்தில் அதற்கு மதிப்பு உண்டு.

நீளத்தைவிட நான் கவனிப்பது கேஸ் போர்ட்டை. பேரலில் பக்கவாட்டில் ஒரு துளை, அதன் வழியாகப் பிரியும் வாயுதான் போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. 20 அங்குலப் பேரலில் ரைஃபிள் நீள சிஸ்டம் என்றால் இந்தத் துளை முன்னால் தள்ளி இருக்கும், அழுத்தம் கொஞ்சம் தணிந்த பிறகே வாயு பிரியும், போல்ட் நிதானமாகத் திறக்கும். துளை பின்னால் இருந்தால் அல்லது தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால், கூடு இன்னும் சேம்பர் சுவரை அழுத்திக்கொண்டிருக்கும்போதே போல்ட் இழுக்க ஆரம்பிக்கும். கூட்டின் விளிம்பு வளையும், பித்தளை வீணாகும். ஒரு பேரல் நல்ல பட்டறையிலிருந்து வந்ததா என்று பார்க்க எளிய வழி, பேரலின் உட்புறத்தைக் காட்டும் கருவியான போர்ஸ்கோப்பை உள்ளே விட்டு இந்தத் துளையின் விளிம்பைப் பார்ப்பது. பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு குண்டும் அதில் உரசித் தாமிரத்தை விட்டுப் போகும்.

குரோம் பூசிய பேரலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

வியட்நாம் போரில் எம்16 சிக்கிக்கொண்டதற்கு சேம்பரில் துரு பிடித்ததும் ஒரு காரணம். அதன் பிறகுதான் முதலில் சேம்பருக்கும் அப்புறம் பேரல் முழுவதுக்கும் உள்ளே குரோமியம் பூசினார்கள். துருவும் பிடிக்காது, சூட்டையும் தாங்கும், ஆயுள் கூடும். ஆனால் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் விழாது, மூலையில் ஒரு கனம், வரியின் மேல் ஒரு கனம். நன்றாகப் பூசிய பேரல்கள் ஒரு எம்ஓஏவை நெருங்குவதும் உண்டு, இருந்தாலும் போட்டிக்காரர்களில் பெரும்பாலானோர் 416ஆர் வகை ஸ்டெயின்லெஸ் பக்கமே போகிறார்கள். அது வெட்டுவதற்கு இணங்கும், உள்ளே மெருகேற்றவும் வசதி. இரண்டுக்கும் நடுவில் நைட்ரைடு செய்த குரோமோலி எஃகு பேரல் இருக்கிறது. அது மேலே போடும் பூச்சு இல்லை, எஃகின் மேற்பரப்பையே கடினமாக்கும் முறை, ஆகவே அளவு மாறாது. பயிற்சிக்கும் போட்டிக்கும் ஒரே ரைஃபிள் வைத்திருப்பவருக்கு அது நல்ல சமரசம்.

வரிகளை வெட்டியதா, பட்டன் போட்டதா, சுத்தியலால் அடித்ததா?

கட் ரைஃப்ளிங் என்றால் ஒரு சிறு பல் மெல்லிய சீவலாக ஒவ்வொரு வரியையும் பல தடவை இழுத்து வெட்டுகிறது. விஸ்கான்சினின் கிரீகர் இந்த முறைக்குப் பேர்போனது, விலையும் காத்திருப்பும் அதற்கேற்ப. பட்டன் என்றால் கடினமான கார்பைடு குமிழை பேரல் வழியே இழுத்து எஃகை அழுத்தி வரியை உருவாக்குவது. டக்ளஸ், ஷைலன் போன்ற பழைய பெயர்கள் இந்த முறைக்காரர்கள். அழுத்தத்தால் எஃகுக்குள் இறுக்கம் தங்கும், அதைச் சூடேற்றித் தளர்த்தினால்தான் பேரல் சூடாகும்போது நெளியாது. சுத்தியல் முறை பெரிய ஆலைகளுக்கு, ஆயுள் அதிகம், ராணுவத்துக்கு ஏற்றது. ‘எது சிறந்தது’ என்பதைவிட ‘யார் செய்தது’ என்பதே பெரிய கேள்வி. மூன்று முறையிலும் நல்லதும் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது.

கனமான பேரல் தேவையா?

சர்வீஸ் ரைஃபிளில் வெளியே தெரியும் பகுதி வழக்கமான தடிமனில் இருக்கும், கை பிடிக்கும் உறையான ஹேண்ட்கார்டுக்குள் மறைந்த பகுதியைக் கனமாக்கிக்கொள்வார்கள். 60 வினாடியில் 10 தோட்டா போகும்போது மெல்லிய பேரல் சீக்கிரம் சூடேறி, இலக்கில் குண்டு விழும் இடம் நகர ஆரம்பிக்கும், கனமானது தாக்குப்பிடிக்கும். நின்று சுடும்போதும் எடை உதவும், ஸ்டாக்குக்குள் ஈயம் போட்டுச் சுடுகிறவர்களே இருக்கிறார்கள். முயல் வேட்டைக்குத் தோளில் தொங்கவிட்டு நடக்கப்போகிறீர்கள் என்றால் இதெல்லாம் வேண்டாம்.

கனத்தைவிட முக்கியம், பேரலை எதுவும் தொடாமல் இருப்பது. படுத்துச் சுடும்போது ரைஃபிளின் வாரான ஸ்லிங்கை இழுத்துப் பிடிப்போம். அந்த இழுப்பு ஹேண்ட்கார்டு வழியாக பேரலுக்குப் போனால் குண்டு விழும் இடமே மாறிவிடும். அதனால்தான் வெளியில் பழைய ஹேண்ட்கார்டு போலத் தெரிந்தாலும் உள்ளே பேரலைத் தொடாத குழாய் ஒன்றை மறைத்து வைக்கிறார்கள். இது இல்லாமல் விலையுயர்ந்த பேரலை மாட்டுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

பேரல் மாற்றுவது கஷ்டமா? ஹெட்ஸ்பேஸ் பார்க்க வேண்டுமா?

பழைய ராணுவ ரைஃபிளான எம்14 குடும்பத்தை ஏஆர்-15 1990களில் போட்டிகளிலிருந்து ஓரங்கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். எம்14இன் சிவிலியன் வடிவமான எம்1ஏவில் பேரலை ரைஃபிளின் உடலான ரிசீவரில் திருகி, சேம்பரைக் கடைசியாக வெட்டி முடித்து, மரக்கட்டையோடு எபாக்சி வைத்துப் பொருத்த ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும், வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பொருத்தத்தைச் சரிபார்க்கவும் வேண்டும். ஏஆர்-15இல் போல்ட் பூட்டிக்கொள்ளும் பற்கள் பேரலோடு வரும் எக்ஸ்டென்ஷனிலேயே இருக்கின்றன. சேம்பரின் ஆழம் பட்டறையிலேயே முடிவாகிவிடுகிறது.

அதற்காகப் பார்க்காமல் விடாதீர்கள். மூடிய போல்ட்டின் முகத்திலிருந்து சேம்பரில் கூட்டின் தோள் முட்டும் இடம் வரை உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ், ஆக போல்ட்டும் அதில் சேர்த்தி. .223க்கு ‘கோ’ கேஜ் 1.4636 அங்குலம், ‘நோ-கோ’ 1.4666. முதலாவது வைத்து போல்ட் மூட வேண்டும், இரண்டாவது வைத்தால் மூடக்கூடாது. புது பேரலோடு புது போல்ட்டையும் அதே பட்டறையில் பொருத்தி வாங்குங்கள், பழைய பேரலின் போல்ட்டை மாற்றி மாட்டாதீர்கள். அளக்கத் தெரியாவிட்டால் தெரிந்த கன்ஸ்மித்திடம் கொடுத்துவிடுங்கள், இது கூச்சப்படும் விஷயமில்லை. எக்ஸ்டென்ஷன் ரிசீவருக்குள் லொடலொடவென்று ஆடுகிறதா, ரிசீவரின் முகம் நேராக இருக்கிறதா என்பதையும் அவரே பார்த்துச் சொல்வார்.

ஒரு பேரல் எவ்வளவு காலம் வரும்?

600 கஜத்தில் போட்டித் துல்லியம் என்ற அளவுகோலில் 3,000 முதல் 5,000 தோட்டா வரை. அதன் பிறகும் சுடும், 200 கஜத்தில் ஒரு குறையும் தெரியாது. தேய்வது பேரல் முழுவதும் இல்லை, த்ரோட்தான். போர்ஸ்கோப்பில் பார்த்தால் வரிகள் தொடங்கும் இடம் கோடையில் வற்றிய கண்மாய் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருக்கும். த்ரோட் முன்னால் நகர்ந்துகொண்டே போவதால், 80 கிரெயின் குண்டை வரியை ஒட்டி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அவ்வப்போது அளந்து குண்டை இன்னும் கொஞ்சம் வெளியே வைக்க வேண்டியிருக்கும். மேகசின் நீளத்தில் உள்ள 77க்கு அந்த வசதி கிடையாது, வரியைத் தொட குண்டு தாண்டும் தூரம் கூடிக்கொண்டே போகும். அதிர்ஷ்டவசமாக அந்த வடிவக் குண்டு தாண்டுவதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. கூர்மூக்கு விஎல்டி குண்டுகள் கண்டுகொள்ளும்.

புது பேரல் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று தோட்டா சுட்டு, ஒட்டி விழுந்ததைப் படம் எடுத்துப் போடுவதால் ஒன்றும் தெரியாது. மூன்றில் எந்த பேரலும் எப்போதாவது அழகாக விழும். பத்து சுடுங்கள், முடிந்தால் இருபது, ‘அது என் தவறு’ என்று ஓரத்தில் விழுந்ததை நீக்காமல் அளவெடுங்கள். முதலில் தரமான ஆலைத் தோட்டாவோடு சுட்டுப் பார்ப்பது நல்லது, சிக்கல் வந்தால் பேரலா உங்கள் ரீலோடிங்கா என்ற குழப்பம் இருக்காது. ‘பிரேக் இன்’ என்று ஒவ்வொரு தோட்டாவுக்கும் துடைக்கும் சடங்கை நான் பெரிதாக நம்புவதில்லை, உள்ளே நன்றாக மெருகேற்றிய பேரலுக்கு அது தேவைப்படுவதும் குறைவு.

சட்டப்படி பேரல் வாங்க என்ன வேண்டும்?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஏஆர்-15இன் ட்ரிக்கர் இருக்கும் கீழ்ப்பாதியான லோயர் ரிசீவர்தான் ‘துப்பாக்கி’, பேரல் வெறும் உதிரிபாகம். ஆனால் ரைஃபிளில் 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரலை மாட்டினால் 1934 தேசியத் துப்பாக்கிச் சட்டம் குறுக்கே வரும். செமி ஆட்டோ ரைஃபிளுக்கே தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு, உங்கள் மாநில விதியைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஊருக்குப் போகும்போது பழைய பேரலை நினைவுப்பொருளாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம் என்ற வரையறைக்குள் அடங்கும்.

பிறர் பயன்படுத்திய பேரல் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

எத்தனை தோட்டா சுட்டது என்று விற்கிறவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், போர்ஸ்கோப் படம் கேளுங்கள், த்ரோட்டையும் வாய்முனையையும். வாய்முனையில் வரிகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து துடைப்புக் கம்பியை விட்டவர்கள் அதை மழுக்கி வைத்திருப்பார்கள். வாய்முனையை மறுபடி வெட்டிச் சரிசெய்யலாம், நீளம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். த்ரோட் போயிருந்தால் ஏஆர்-15 பேரலில் பண்ணுவதற்கு ஒன்றுமில்லை, 200 கஜப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற விலைக்குத்தான் அதைக் கேட்க வேண்டும்.